ராமானுஜன் இரவு என்ன சாப்பிட்டார்?

போன செப்டம்பரில் தம்பியைப் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்டோம். மூன்று பெட்டிகள். அதில் ஒன்று முழுக்க அம்மாவின் வேலை. வறுத்து அரைத்த கறித்தூள், ஒரு போத்தல் ஊறுகாய், பழப்புளி, ஒரு சின்ன ரைஸ் குக்கர். "இதெல்லாம் அங்கேயே வாங்கலாம் அம்மா" என்று தம்பி சொன்னான். அம்மாவின் காதில் அது விழவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு ஒரே கேள்வி. "சாப்பிட்டனியே?" "ஓம் அம்மா." தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்.

எனக்கு அந்த "ஓம் அம்மா" நன்றாகத் தெரியும். என்னுடைய முதல் வருடத்தில் நானும் அதையே சொன்னேன். ஒரு பெப்ரவரி மாதம் முழுவதும் நான் கட்டிலில் இருந்து சீரியலும் பாணும்தான் சாப்பிட்டேன். பொதுக் குசினிக்குப் போனால் அங்கே ஐந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைக் கடந்து போய் வெங்காயம் வெட்டி, கறித்தூள் மணக்க மணக்கச் சமைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. கதவை மூடிக்கொண்டு அறையிலேயே இருப்பது சுகமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு இரவும் "ஓம் அம்மா, சோறும் பருப்பும்" என்று சொன்னேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த முறை நான் எழுத நினைத்தது ஒரு வெளிநாட்டு மாணவரைப் பற்றி. நூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு அவரைப் பற்றி மனப்பாடம் செய்திருப்பீர்கள். தேவ் பட்டேல் நடித்த படமும் பார்த்திருப்பீர்கள். சீனிவாச ராமானுஜன். கும்பகோணத்தில் வளர்ந்தவர், கணித மேதை, 1729 என்ற எண்ணின் கதை, முப்பத்திரண்டு வயதில் மரணம். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். அவர் கேம்பிரிட்ஜில் எந்த அறையில் இருந்தார், எப்படித் தூங்கினார், யாரோடு சாப்பிட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தம்பி விடுதிக்குப் போன பிறகுதான் நான் தேடி வாசித்தேன்.

முதலில் ஒரு திருத்தம். ராமானுஜனை நாங்கள் மேதை என்றே நினைப்பதால் அவர் ஒரு மாணவராக இங்கே வந்தார் என்பது மறந்து போகிறது. 1887 டிசம்பர் 22ஆம் திகதி பிறந்தவர், வந்து இறங்கியபோது அவருக்கு வயது 26. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறு எதையும் படிக்காததால் உதவித்தொகையை இழந்தவர். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. கையில் பட்டம் இல்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்துகொண்டு, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அவர் கடல் கடக்கச் சம்மதிக்கவே ஒரு வருடம் ஆனது. அவர் ஐயங்கார் பிராமணர். கடல் தாண்டினால் சாதியை விட்டு விலக்கிவிடுவார்கள் என்ற பயம் அந்தக் காலத்தில் மிக உண்மையானது. கடைசியில் நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து வழி விட்டதாக அம்மா கோமளத்தம்மாள் சொன்ன பிறகுதான் பயணம் உறுதியானது. புறப்பட முன்பு குடுமியை வெட்டினார்கள். கோட்டும் கால்சட்டையும் சப்பாத்தும் போட்டார்கள். மரக்கறிச் சாப்பாட்டை விட மாட்டேன் என்பது அவருடைய உறுதி. மனைவி ஜானகி அப்போது பதின்ம வயதுப் பெண். அவர் கும்பகோணத்தில் மாமியாரோடு விடப்பட்டார்.

1914 மார்ச் 17ஆம் திகதி 'நெவாசா' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. ஏப்ரல் 14ஆம் திகதி லண்டன். அங்கே அவரைக் கூட்டிப்போக கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் வந்திருந்தார். முதல் சில நாட்கள் தங்கியது சவுத் கென்சிங்டன், குரொம்வெல் வீதி, 21ஆம் இலக்கம். லண்டன்காரருக்கு அந்த இடம் தெரியும். பள்ளிக்கூடத்தில் டைனோசர் பார்க்கக் கூட்டிப்போவார்களே, அந்த அருங்காட்சியகம் இருக்கும் அதே வீதி. இந்திய மாணவர்கள் வந்து இறங்கித் தங்க அங்கே ஒரு வீடு இருந்தது. அவர்களுக்கு உதவி செய்யவும், கொஞ்சம் கண் வைத்துக்கொள்ளவும்.

பிறகு கேம்பிரிட்ஜ். முதல் இரண்டு மாதம் நெவில் தம்பதியின் வீட்டில். ஜூன் மாதத்திலிருந்து ட்ரினிட்டி கல்லூரியின் வியூவெல் கோர்ட் என்ற கட்டடத்தில் ஒரு அறை. ஹார்டியின் அறைக்கு ஐந்து நிமிட நடை.

பணப் பிரச்சினை இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண் கொடுத்தது. அதில் 50 பவுண் ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போனது. ட்ரினிட்டி இன்னும் 60 பவுண் கொடுத்தது. எளிமையாக வாழ்ந்தவருக்கு அது தாராளம், மிச்சம் பிடிக்கவும் முடிந்தது. இதை நான் குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கஷ்டம் என்றால் நாங்கள் உடனே காசைத்தான் நினைக்கிறோம். "காசு காணுமோ?" என்று கேட்டு, காணும் என்றால் விட்டுவிடுகிறோம்.

அவருக்கு வந்த கஷ்டங்கள் சின்னச் சின்ன விஷயங்கள். நெவில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவை இரண்டு. ஒன்று, பழக்கமில்லாத மரக்கறிகள். மற்றது சப்பாத்து. இருபத்தாறு வருடம் வெறும் காலோடும் செருப்போடும் திரிந்த கால்களை இறுக்கமான தோல் சப்பாத்துக்குள் திணித்தால் எப்படி இருக்கும்? இங்கே பிறந்த எனக்கு அது தோன்றவே இல்லை. வாசித்தபோது, எங்கள் அம்மம்மா முதன்முதலில் வந்தபோது ஹீத்ரோவிலிருந்து வீடு வரும் வரை காரில் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது.

மற்றது குளிர். இந்தக் கதையைச் சொன்னவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ். வங்காளத்திலிருந்து வந்து அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போனால் அவர் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். இரவு குளிரில் தூக்கமே இல்லை, ஓவர்கோட்டைப் போட்டு சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்கிறார். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். போர்வைகள் எத்தனையோ இருந்தன. எல்லாம் மெத்தையோடு சேர்த்து நாலு பக்கமும் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டபடி அப்படியே இருந்தன. அவற்றை இழுத்து, உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. அவர் எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருந்தார்.

இந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்வார்கள். நானும் முதலில் சிரித்தேன். கட்டில் விரிக்கும் பணியாள் இருந்தார், பக்கத்து அறைகளில் மாணவர்கள் இருந்தார்கள், ஹார்டி ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்தார். ஒரு வங்காளப் பையன் வந்து கேட்கும் வரை, அவர் குளிரில் நடுங்குகிறார் என்று எவருக்கும் தெரியவில்லை. அவரும் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பார்கள்?

இனிச் சாப்பாடு.

ட்ரினிட்டி போன்ற கல்லூரியில் இரவுச் சாப்பாடு என்பது வெறும் சாப்பாடு அல்ல. பெரிய மண்டபத்தில் நீண்ட மேசைகளில் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள். யார் என்ன படிக்கிறார்கள், யாருக்குச் சுகமில்லை, யார் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தெரியவரும். ராமானுஜன் அங்கே சாப்பிடவில்லை. கல்லூரிச் சமையலறையில் இறைச்சியும் மரக்கறியும் ஒன்றாகக் கலந்த உலகம். உருளைக்கிழங்குப் பொரியல்கூடப் பன்றிக்கொழுப்பில் பொரித்ததாக இருக்கலாம். அதனால் அறையிலேயே ஒரு சின்ன அடுப்பில் தானே சமைத்தார்.

இந்த இடத்தில் ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அவருடைய உணவுக் கட்டுப்பாட்டில் பக்தி இருந்தது, அம்மா மேல் பாசம் இருந்தது, சாதி ஆசாரமும் இருந்தது. யார் சமைத்தது, யாரோடு உட்காருவது என்ற அந்த ஆசாரம் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. கேம்பிரிட்ஜில் அதே ஆசாரம் அவரையே மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியது. அதற்காக அவருடைய தனிமை குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. 1914 டிசம்பரில் நடந்த ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மகலனோபிஸைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ராமானுஜன் அடுப்பில் மரக்கறியைக் கிளறிக்கொண்டு நிற்கிறார். மகலனோபிஸ் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையிலிருந்து ஒரு புதிர் வாசிக்கிறார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக இலக்கம். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் 50க்கு மேல், 500க்குக் கீழ். அந்த வீட்டின் இலக்கம் என்ன? மகலனோபிஸ் சில நிமிடம் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிட்டார். 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் வீடு. (8 வீடுள்ள தெருவில் 6ஆம் வீடு என்று வைத்து நீங்களே சரிபார்க்கலாம்: ஒன்று முதல் ஐந்து வரை 15, ஏழும் எட்டும் 15.) ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலே, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் விடை தரக்கூடிய ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, கணக்கைக் கேட்டதும் விடை ஒரு தொடர் பின்னம் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், அது வந்தது என்று பதில்.

எல்லோரும் இந்தக் கதையில் தொடர் பின்னத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்த அடுப்பும், சாப்பிட வந்த நண்பனும் கண்ணில் நிற்கிறார்கள். அந்தப் புதிர் நடக்கும் இடமாகப் பத்திரிகை சொன்னது பெல்ஜியத்தின் லூவென் நகரம். அதே வருடம் ஓகஸ்டில் ஜெர்மன் படை எரித்த நகரம். போர் தொடங்கிவிட்டது.

போர் தொடங்கியதும் ராமானுஜன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். இந்த நாட்டில் போர் இல்லை, பக்கத்து நாட்டில்தான், சென்னையிலிருந்து ரங்கூன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லித் தேற்றினார். உண்மையில் ட்ரினிட்டியின் ஒரு முற்றமே அப்போது காயப்பட்ட சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியாக மாறியிருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராகப் படைக்குப் போனார்கள். ஹார்டியோடு சேர்ந்து ராமானுஜனுக்குக் கணிதம் சொல்லித்தந்த லிட்டில்வுட் பீரங்கிப் படைக் கணக்குகளைச் செய்யப் போனார். அறைகள் காலியாகின.

ஊரிலிருந்த ஒரு நண்பருக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதத்தில், கொட்டை நீக்கிய பழப்புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் பொதியில் அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறார். கொட்டை நீக்கியது! அம்மாவின் பெட்டிக்குள் இருந்த புளிப் பொட்டலத்திலும் அதே சொல் அச்சடித்திருக்கிறது. அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றில், தனக்கு ஒன்றும் தேவையில்லை, நாக்கை முழுதாக அடக்கிவிட்டேன், வெறும் சோறும் கொஞ்சம் உப்பும் எலுமிச்சம் சாறும் இருந்தால் எத்தனை காலமும் இருப்பேன் என்றும் சொல்கிறார்.

அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அது ராமானுஜனின் "ஓம் அம்மா".

வேலை மட்டும் நன்றாக நடந்தது. 1916 மார்ச்சில் அவருக்கு பி.ஏ. பட்டம் ஆராய்ச்சியின் அடிப்படையில் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் அப்போது பிஎச்டி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு நாளும் ஹார்டியைச் சந்தித்தார். ஹார்டி பிற்காலத்தில் ஒரு விஷயத்துக்காக வருத்தப்பட்டார். ராமானுஜன் எந்தப் புத்தகங்களைப் படித்தார், எண்ணங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் கேட்டிருந்தால் அவர் நிச்சயம் சொல்லியிருப்பார், ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அரை டசின் புதுத் தேற்றங்களோடு வருபவரிடம் அதையெல்லாம் கேட்டுத் தொந்தரவு செய்வது அபத்தமாகத் தோன்றியது என்றார். ஹார்டி கெட்டவர் இல்லை. ராமானுஜனுக்காக எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றவர். ஆனால் படித்த புத்தகத்தையே கேட்கக் கூச்சப்பட்டவர், இரவு என்ன சாப்பிட்டாய் என்று எங்கே கேட்கப் போகிறார்?

ராமானுஜனும் எளிதான ஆள் இல்லை. சட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் ஒருமுறை அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ரசம் வைத்திருந்தார். அந்தப் பெண் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். மூன்றாம் தரம் கேட்டபோது போதும் என்றார். பேசிக்கொண்டிருந்த ராமானுஜன் திடீரென்று காணாமல் போனார். காத்திருந்துவிட்டுச் சட்டர்ஜி கீழே போய்க் காவலாளியிடம் விசாரித்தால், டாக்ஸி பிடித்துப் போய்விட்டார் என்கிறார். நாலு நாள் கழித்து ஒக்ஸ்போர்டிலிருந்து தந்தி, ஐந்து பவுண் அனுப்பச் சொல்லி. சமைத்துப் போட்டதை அவர்கள் வேண்டாம் என்றதில் மனம் உடைந்துவிட்டது என்று பிறகு விளக்கம் சொன்னார்.

முதலில் வாசித்தபோது எனக்கு இது அதிகமாகத் தெரிந்தது. ஒரு கிண்ணம் ரசத்துக்கு இவ்வளவா? ஆனால் வாரக்கணக்கில் தனியாகச் சாப்பிட்டு, ஒருநாள் விருந்தினருக்காகப் புளி கரைத்து வைக்கிறவருக்கு அந்த ஒரு கிண்ணம் எவ்வளவு பெரியது என்று பிறகு யோசித்தேன். இப்போதும் அது அதிகம்தான். ஆனால் புரிகிறது.

போர் நீள நீள, கிடைக்கிற மரக்கறியும் அரிசியும் குறைந்தன. சில வேளைகளில் முப்பது மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போட்டுவிட்டு இருபது மணி நேரம் தூங்குவார் என்று சொல்கிறார்கள். பரீட்சைக் காலத்தில் நீங்கள் சிலர் செய்வது போல. அவருக்கு அது வருடம் முழுக்க. நேரத்துக்குச் சாப்பாடு என்பது இல்லாமல் போனது. ஊரிலிருந்து மனைவியின் கடிதங்களும் வரவில்லை. ஜானகி எழுதியவற்றையும் அவர் ஜானகிக்கு எழுதியவற்றையும் மாமியார் இடையிலேயே மறித்துவிட்டார் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. அவருக்கோ வீட்டார் தன்னை மறந்துவிட்டார்கள் என்றுதான் பட்டிருக்கும்.

1917 வசந்தத்தில் படுத்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரி, சானடோரியம், மறுபடி ஆஸ்பத்திரி. வைத்தியர்கள் பெரும்பாலும் காசநோய் என்று நினைத்தார்கள். இன்று சிலர், முக்கியமாக 1994இல் இதை ஆராய்ந்த டி. ஏ. பி. யங் என்பவர், அது ஊரில் இளவயதில் வந்த வயிற்றுளைவின் மிச்சமாகக் கல்லீரலைப் பிடித்த அமீபா நோயாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் காலத்து மருத்துவத்திலேயே அதைத் தீர்த்திருக்க வாய்ப்பு இருந்தது.

1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் அவர் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். ஒரு ஊழியர் விரைந்து ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். பேச்சுப் போட்டி உரைகளில் இது வராது. எங்கள் வீடுகளில் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது மனம் அந்தப் பக்கம் போனால், இன்றே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் நண்பரிடம், அதுவும் முடியாவிட்டால் வைத்தியரிடம்.

அதே வருடம் மே மாதம் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அக்டோபரில் ட்ரினிட்டியின் ஃபெலோ. அந்தக் கல்லூரியில் அந்த இடம் கிடைத்த முதல் இந்தியர். உலகம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவர் டார்பிஷயரில் மாட்லொக் என்ற குன்று ஊரின் சானடோரியத்தில் குளிரில் படுத்திருந்தார்.

இங்கேதான் நான் முன்பு கேள்விப்படாத ஒருவர் வருகிறார். ஏ. எஸ். ராமலிங்கம். தமிழர், எஞ்சினியர். 1914இல் குரொம்வெல் வீதி வீட்டில் ராமானுஜனைச் சந்தித்தவர். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் ஜாரோ என்ற ஊரில் வேலை பார்த்தார். 1918 ஜூனில் அவர் மாட்லொக்குக்குப் போய்ச் சில நாள் ராமானுஜனோடு இருந்தார். திரும்பி வந்து ஹார்டிக்குப் பல பக்கங்களில் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் கணிதம் இல்லை, சாப்பாடுதான். ராமானுஜன் என்ன சாப்பிடுகிறார், எதைத் தள்ளி வைக்கிறார், அங்குள்ள சமையல் எப்படி, உடம்பு எவ்வளவு இளைத்திருக்கிறது என்று. வெறுமனே பரிதாபப்படவும் இல்லை. நாக்குக்குக் காரசாரமான ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் உயிருக்கு ஆபத்து என்று ராமானுஜனிடம் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறார். எங்கள் மாமாமார் பேசுகிற மாதிரி.

ஹார்டி 1729 கதையில் வருகிறார். மகலனோபிஸ் போர்வைக் கதையில் வருகிறார். ராமலிங்கத்தின் பெயர் எந்தப் பேச்சுப் போட்டியிலும் வந்து நான் கேட்டதில்லை. போர்க்காலத்து ரயிலில் அத்தனை தூரம் போய், தட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்த மனிதர்.

1919 மார்ச்சில் ராமானுஜன் கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். கூட்டிப்போக அம்மா வந்திருந்தார். அவர் முதலில் கேட்டது, ஜானகி எங்கே என்று. பிறகு ஜானகி வந்து சேர்ந்தார். அதன் பின் ஒரு வருடம், நேரத்துக்கு நேரம் சோறும் எலுமிச்சம் சாறும் மோரும் அவர் கையால்தான். நீயும் என்னோடு அங்கே வந்திருந்தால் நான் நோயில் விழுந்திருக்க மாட்டேன் என்று அவர் சொன்னதாக ஜானகி முதுமையில் நினைவுகூர்ந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னையில் ராமானுஜன் இறந்தார். கடல் கடந்தவர் என்பதால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ஜானகி 1994 வரை வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து தன்னைத் தானே பார்த்துக்கொண்டார். அவரைப் பற்றித் தனியாக ஒருமுறை எழுதவேண்டும்.

டிசம்பர் விடுமுறையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு கேம்பிரிட்ஜுக்கு ரயிலில் போனேன். ட்ரினிட்டியின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம் வியூவெல் கோர்ட். இப்போதும் மாணவர் விடுதிதான். நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். மேலே ஒரு ஜன்னலில் வெளிச்சம் எரிந்தது. போர்வைக் கதையைச் சொன்னேன், தம்பி சிரித்தான். ரசக் கதையைச் சொன்னேன், சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அக்கா, அந்த ரைஸ் குக்கரை நான் இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை" என்றான்.

"அப்ப இவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டனி?"

அவன் சொல்லத் தொடங்கினான். குளிர் தாங்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்து மிச்சத்தைக் கேட்டேன்.